கைவேலைக்குக் கடை எதற்கு?



கைவேலை என்றால் என்ன? கையால் செய்கிற வேலை. ஆனால் இப்போது நாம் செய்வது ‘கடை வேலை’! கைவேலைப் பொருள் கொண்டு வரச் சொன்னால் நேரே கடைக்கு ஓடுகிறோம். தெர்மாகோல், ஜிகினாத்தாள், கலர் சார்ட், பசை என்று 100 ரூபாய்க்கு மேல் ஆகிவிடுகிறது. சிலர் செய்து விற்பதையே வாங்கி வந்து பெயரை மட்டும் எழுதி ஒட்டுகிறார்கள். அதற்கு நல்ல மார்க்! காசு இல்லாதவர்கள் அன்றைக்கு லீவு போட்டுவிடுகிறார்கள். இது நியாயமா?

இன்னொரு விஷயம். அலங்காரத்துக்கான தெர்மாகோல், 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. ‘மக்காத குப்பை’ என்று ஒரு பீரியடில் படித்துவிட்டு, அடுத்த பீரியடில் அதையே வெட்டி ஒட்டலாமா?

என் கருத்து இதுதான்: நம்ம வீட்டிலும் தோட்டத்திலும் கிடைப்பதை வைத்து, அந்தந்தப் பருவத்துக்கு ஏற்றதைச் செய்ய வேண்டும். செய்ததை நாலு பேருக்குச் சொல்லியும் கொடுக்க வேண்டும்.

நம்ம தெக்கத்திப் பக்கம் பனை ஒன்று போதுமே! கோடையில் நுங்கு தின்றபின் மிஞ்சும் இரண்டு கூந்தலை ஒரு குச்சியால் இணைத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. ஆடிக் காற்றுக்கு இரண்டு ஓலைத் துண்டை மாட்டிப் பின்னி, நடுவில் முள் குத்திக் குச்சியில் செருகினால் காற்றாடி. செலவு? ஒரு பைசா கிடையாது.

திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை. நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இது இல்லாமல் கார்த்திகை இல்லை. செய்முறை இதோ:

தேவையானவை: வறுத்த பச்சரிசி மாவு 2 டம்ளர், தட்டிய கருப்பட்டி 1 டம்ளர், தேங்காய்த் துருவல் அரை மூடி, வறுத்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, ஏலக்காய் 4, சுக்குத்தூள் கொஞ்சம், பனங்குருத்தோலை.

1. கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி வடிகட்டவும். (மண் இருக்கும். வடிகட்டாவிட்டால் பல்லில் நறநறக்கும்!)
2. மற்ற எல்லாவற்றையும் கலந்து, பாகைச் சூட்டோடு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையவும். கையில் பிடித்தால் நிற்க வேண்டும்.
3. ஓலையைக் கழுவி ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கவும். மடிப்புக்குள் மாவை வைத்து, மேலே இன்னொரு ஓலையால் மூடி, ஓலை நாராலேயே கட்டவும்.
4. இட்லிப் பானையில் 20 நிமிடம் அவிக்கவும். அடுப்பு வேலைக்குப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அவிக்கும்போது ஓலை மணம் மாவில் இறங்கும். அதுதான் இதன் ருசி. அந்த மணத்தை எந்தக் கடையிலும் பாக்கெட்டில் போட்டுத் தர முடியாது.

‘ஓலைக்கு எங்கே போவது?’ என்று சிலர் கேட்கலாம். மரத்தில் நாமே ஏறக் கூடாது. பனையேறும் தாத்தாக்களிடம் கேட்டால் தருவார்கள். தரையிலே நிற்கிற வடலி என்றால், உரியவரிடம் கேட்டு, ஒரு வடலிக்கு ஒரு ஓலைக்கு மேல் வெட்டாமல் எடுக்கலாம். ‘இதெல்லாம் பட்டிக்காட்டு வேலை’ என்றும் சிலர் சொல்வார்கள். பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே அரசு அறிவித்தது.

சட்டம் மரத்தைக் காப்பாற்றலாம். மரத்தை வைத்து என்ன செய்வது என்ற அறிவை யார் காப்பாற்றுவது? ஆச்சிக்கு முழுசாத் தெரியும். அம்மாவுக்குப் பாதி தெரியும். நமக்கு?

அதனால் ஆசிரியர்களுக்குப் பணிவான வேண்டுகோள். கைவேலைக்கு மார்க் போடும்போது பளபளப்பைப் பார்க்காமல், ‘எப்படிச் செஞ்சே? சொல்லு பாப்போம்’ என்று கேளுங்கள். கடையில் வாங்கியவர் முழிப்பார், தானே செய்தவர் மூச்சு விடாமல் சொல்வார். இந்தச் சுவரிதழிலும் மாதம் ஒரு மூலையை ‘நானே செய்தேன்’ என்று ஒதுக்க வேண்டும்.

நண்பர்களே, இன்றைக்குச் சாயங்காலமே வீட்டுப் பெரியவர்களிடம், ‘நீங்க சின்ன வயசுல என்ன செஞ்சு விளையாடினீங்க, என்ன செஞ்சு சாப்பிட்டீங்க?’ என்று கேளுங்கள். ஒன்றைக் கற்றுக்கொண்டு வாருங்கள். எனக்கும் சொல்லிக் கொடுங்கள்!

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு