கோலன் பகுப்பு தோற்றதா?

நூல்களை வகைப்படுத்த ரங்கநாதன் உருவாக்கிய கோலன் பகுப்பு தோற்றுப்போன முறை என்ற பேச்சு நூலகவியல் படித்தவர்களிடமே பரவலாக உண்டு. ‘நூலகங்கள் டூயி பகுப்பைத்தான் பின்பற்றுகின்றன, ஆகவே அதுவே மேல், கணினி வந்தபின் எந்தப் பகுப்பும் வேண்டாம்’ என்று அது நீளும். எனக்கு இதில் சற்றும் உடன்பாடில்லை.

டூயியின் பரவலுக்குக் காரணம் தகுதி மட்டுமல்ல. மெல்வில் டூயி தம் தசமப் பகுப்பை 1876இல் வெளியிட்டார். கோலன் வந்தது 1933இல். இடைப்பட்ட 57 ஆண்டுகளில் புத்தக முதுகுகளில் டூயி எண் ஏறிவிட்டது. ஒட்டிய எண்ணை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை எந்த நூலகரும் சொல்வார். 1930 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அச்சிட்ட அட்டைகளிலும் அந்த எண் இடம்பெற்றது. கோலனுக்கு அத்தகைய பின்பலம் வாய்க்கவில்லை. அதன் ஆறாம் பதிப்பு 1960இல் வந்தது. ஏழாவது வந்தபோது, 1987இல், ரங்கநாதன் மறைந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. மேன்மை பேசுவோர் டூயியின் மத வகுப்பைத் திறந்து பார்க்கட்டும். 220 தொடங்கி 280கள் வரை கிறிஸ்தவம். மற்ற மதங்கள் அனைத்தும் 290களுக்குள். அமெரிக்க இலக்கியத்துக்கு 810. ஈராயிரம் ஆண்டுத் தமிழ் இலக்கியத்துக்கு 894.811.

கோலன் குறியீடு கடினம், பதிப்புக்குப் பதிப்பு மாறியது என்ற குறை உண்மை. நூலகர்கள் அதனால் அவதிப்பட்டார்கள். ஆனால் அது குறியீட்டின் குறை. சிந்தனையின் குறை அல்ல. கணித ஆசிரியராக இருந்த சீர்காழி ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகவியல் கற்க லண்டன் போனவர், அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைக் கண்டார். சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி எதை வேண்டுமானாலும் கட்டலாம். அதுவரை பகுப்பு முறைகள் பெரும்பாலும் பொருள்களை ஆயத்தமாகப் பட்டியலிட்டன. பட்டியலில் இல்லாத புதுப்பொருள் வந்தால் திண்டாட்டம். ரங்கநாதன் துண்டுகளைத் தந்தார். ‘1950இல் இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை’ என்பதை உறுப்பு, நோய், சிகிச்சை, இடம், காலம் என்ற கூறுகளாகப் பிரித்து மீண்டும் கோத்துவிடலாம். இதுவே கூறுவழிப் பகுப்பு. நாளை வரப்போகும் துறைக்கும் இதில் இடமுண்டு. என் பார்வையில் நூலகவியலின் மிகப் பெரிய பாய்ச்சல் இதுதான்.

தோற்ற சிந்தனையை யாரும் எடுத்தாள மாட்டார்கள். 1952இல் லண்டனில் உருவான பகுப்பு ஆய்வுக் குழுவினர், தகவல் மீட்பு முறைகள் அனைத்துக்கும் கூறுவழிப் பகுப்பே அடித்தளமாக வேண்டும் என்று 1955இல் அறிவித்தார்கள். 1977 முதல் வெளிவந்த பிளிஸ் பகுப்பின் இரண்டாம் பதிப்பு அதன்மீதே எழுந்தது. டூயியின் 20ஆம் பதிப்பும் 1989இல் இசை வகுப்பைக் கூறுவழியில் திருத்தி அமைத்தது. வென்றதாகச் சொல்லப்படும் முறையே ரங்கநாதனிடம் கடன் வாங்கியிருக்கிறது!

கணினி வாதம் இன்னும் பலவீனமானது. ‘காசநோய்’ என்று தட்டினால், ‘க்ஷயரோகம்’ என்றோ ‘எலும்புருக்கி’ என்றோ மட்டும் எழுதிய பழைய மருத்துவ நூல்களை வெறும் சொல்தேடல் காட்டாது. அவை அனைத்தும் ஒன்றாகக் கிடைப்பது, யாரோ ஒருவர் நூலைத் திறந்து பார்த்து, இது இன்ன நோய் பற்றியது என்று பகுத்துப் பதிந்திருந்தால்தான். இணையப் பட்டியலில் மொழி, இடம், காலம் என்று தேர்ந்தெடுத்துத் தேடலைச் சுருக்குகிறோமே, அங்கே நடப்பதும் கூறுவழிப் பகுப்புதான்.