இயந்திரத்துக்கு ஒரே வெள்ளிப் பூச்சா?

விமான மாதிரிகளை ஒட்டிப் பொருத்தி வண்ணம் தீட்டும் பொழுதுபோக்கு, இலண்டனில் வளரும் நம் சிறார் சிலரையும் பற்றிக்கொண்டுள்ளது. படிப்பைக் கெடுக்கும் விளையாட்டென்று பெற்றோர் சிலர் முகஞ்சுளிப்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. நமது குறை வேறு. இறக்கைக்கும் உடற்பகுதிக்கும் அத்துணைக் கவனஞ் செலுத்தும் பிள்ளைகள், இயந்திரத்துக்கு மட்டும் வெள்ளி வண்ணத்தை ஒரே பூச்சாகப் பூசிவிட்டு எழுந்துவிடுகின்றனர். பெட்டியினுள் வரும் குறிப்புத்தாளும் பல வேளைகளில் அவ்வளவே சொல்கிறது.

உண்மை இயந்திரம் அப்படியன்று. அமெரிக்காவின் பிராட் அன்ட் விற்னி நிறுவனத்தாரின் ஆர்-2800 இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் கோர்சேர், ஹெல்கற், தண்டர்போல்ட் ஆகிய போர் விமானங்களில் அமைந்தது இதுவே. ஒன்பது ஒன்பதாக இரு வளையங்களில் 18 உருளைகள். நடுவிலுள்ள உறை பெரும்பாலும் சாம்பல் வண்ணம் பூசப்பெற்றது. உருளைகளைக் காற்றே குளிர்விப்பதால், அவற்றைச் சுற்றி மெல்லிய உலோகச் செட்டைகள் நெருங்கி நிற்கும். விளிம்புகளில் ஒளி படும், இடுக்குகளில் இருள் தங்கும். புகை வெளியேறும் குழாய்களோ வெப்பத்தாற் பழுப்பேறியவை. இவ்வியந்திரத்தின் விட்டம் ஏறத்தாழ 1.34 மீற்றர். 72இல் ஒரு பங்கான மாதிரியில் அது 19 மில்லிமீற்றருக்கும் குறைவு. நம் சட்டைப்பையிலுள்ள ஐந்து பென்ஸ் நாணயத்தைவிடச் சிறிதே பெரிது. அவ்வளவு சிறிய வட்டத்தில் இருள் தானாக விழாது. அதனையும் தீட்டியாக வேண்டும்.

வழி கடினமன்று. உருளைகளுக்கு உலோக நிறம் பூசி, நன்கு உலர்ந்தபின் நீர்போலக் கரைத்த கறுப்பைத் தொட்டு வைத்தால், அது தானே இடுக்குகளுக்குள் ஓடித் தங்கும். மறுநாள் தூரிகையில் வெள்ளி நிறந் தோய்த்து, பெரும்பகுதியைக் கடதாசியில் துடைத்துவிட்டுச் செட்டைகளின் மேல் மெல்ல உரசினால் விளிம்புகள் மட்டும் மின்னும். (எனாமல் பூச்சின் மேல் எனாமல் கரைசலை விட்டால் அடிப்பூச்சும் கரைந்து வந்துவிடக்கூடும். ஆகவே அடியில் அக்ரிலிக் பூசுவது நலம்.)

இதற்கு எதிரான மிகையும் உண்டு. இயந்திரம் முழுவதும் துருவையும் எண்ணெயையும் அப்பிவிட்டு, மெய்போல் இருக்கிறதென்று மகிழ்வார் உளர். அலுமினியத்திற் செந்துரு ஏறாதென்பது நம் மாணவர் வேதியியலிற் படிப்பதுதானே! எண்ணெய் கசிவது உண்மை. ஆனால் கசியும் இடத்திலேதான் கசியும். முன்னையது சோம்பல், பின்னையது ஆரவாரம். இரண்டும் இயந்திரத்தைப் பாராமலே தீட்டியவை.

பார்க்க இடமில்லையென்று இந்நகரில் எவருஞ் சொல்லவியலாது. தென் கென்சிங்ரனிலுள்ள அறிவியல் அருங்காட்சியகத்திலும், ஹென்டனிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்திலும் விமான இயந்திரங்கள் கண்ணெதிரே நிற்கின்றன, அனுமதியும் இலவசம். ஸ்பிற்பயர் விமானத்தின் றோல்ஸ் றொய்ஸ் மெர்லின் இயந்திரத்தை அங்கே காணும் பிள்ளை, அதில் அத்தகைய செட்டைகளே இல்லையென்பதைக் கவனிக்கும். அது திரவத்தாற் குளிர்வது என்பதைப் பெற்றோர் அவ்விடத்திலேயே விளக்கலாம்.

நம் தமிழ்ப் பள்ளிகளின் கைப்பணிக் காட்சிகளில் இத்தகைய மாதிரிகளும் இடம்பெற வேண்டும். நடுவர்கள் பளபளப்பை மட்டும் நோக்காது, “இப்பகுதிக்கு ஏன் இந்த நிறம்?” என்று தமிழிற் கேட்கட்டும். “இவ்விடத்திற் சூடு அதிகம், அதனாற் பழுப்பு” என்று விடை சொல்லும் பிள்ளைக்கு, பூச்சு சற்றுக் கோணலாயினும் முதற்பரிசை வழங்கலாம் என்பது எமது கருத்து.