அடையாளம் தெரியாத வாகனமும் எண்ணப்படாத காயங்களும்

அச்சங்குளம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது 2021 பிப்ரவரி 12. அன்று அங்குள்ள பட்டாசு ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் பெண்கள் உட்பட பலர் உயிரிழந்தனர். பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம், முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து 3 லட்சம் என்று உடனே அறிவிப்புகள் வந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. அது போதுமா என்பது வேறு கேள்வி. அந்த உயிர்கள் கணக்கில் வந்தன என்பது உண்மை.

இதே பகுதியில் விடியற்காலையில் நடந்தோ சைக்கிளிலோ வேலைக்குச் செல்லும் ஒரு தாயை லாரி ஒன்று இடித்துவிட்டுப் போனால், 'அடையாளம் தெரியாத வாகனம் மோதி கூலித்தொழிலாளி பலி' என்று செய்தித்தாளில் நான்கு வரி வரும். கால் முறிந்து பிழைத்துக்கொண்டால் அந்த நான்கு வரியும் இல்லை. ஸ்டேஷனுக்கு அலைந்தால் கூலி போகும் என்று எண்ணெய்க்கட்டு போட்டுக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிடுகிறவர்களை நாம் அறிவோம்.

2022-இல் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. நாட்டிலேயே இதுதான் அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். இந்தியா முழுவதும் அந்த ஆண்டு சாலையில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இவையெல்லாம் காவல்துறைப் பதிவிலிருந்து வரும் எண்கள். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில் காவலர்கள் இன்று கைப்பேசி வழியாகவே விபத்து நடந்த இடத்தைக் குறிக்கிறார்கள். எந்த வளைவில் விளக்கு வேண்டும், எங்கே வேகத்தடை வேண்டும் என்று தீர்மானிக்க இது மிகவும் பயன்படும். ஆனால் ஸ்டேஷனுக்கே போகாத காயம் அதில் எப்படி ஏறும்? காயம் பதியாத சாலையைப் பாதுகாப்பான சாலை என்றுதானே அதிகாரிகள் நினைப்பார்கள்!

இழப்பு இன்னொன்றும் உண்டு. மோதிய வாகனம் தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் திட்டப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். 2022-இல் இவ்வாறு நிற்காமல் சென்ற விபத்துகள் 67,387. ஆனால் 2022-23 நிதியாண்டில் இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் நாடு முழுவதும் 205 மட்டுமே! கோவை எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டு வருந்தியது. ஒரு மாதத்துக்குள் வாகனம் தெரியவில்லையெனில், இத்திட்டத்தைப் பற்றிக் காவல் அதிகாரி பாதிக்கப்பட்டோருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும் என்று 2024 ஜனவரியில் ஆணையிட்டது.

2007 ஜூனில் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணிக்கான வழிகாட்டுதலில் ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகள் உள்ளன. அப்போது பத்திரிகைகள் அதைச் சற்று வேடிக்கையாகவே எழுதின. அவற்றுள் ஒன்று விபத்தில் சிக்கியோரின் குடும்பத்தைத் தாங்கச் சொல்கிறது. மற்றொன்று சாலையில் வலுக்குறைந்தவரைக் காக்கச் சொல்கிறது. நல்ல சமாரியர் காயத்துக்கு மருந்திட்டதோடு போய்விடவில்லை. சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகக் கணக்கும் வைத்துவிட்டுப் போனார்.

நம் அன்பியங்கள் இப்படி ஒரு கணக்கு வைக்கலாம். ஒரு நோட்டுப் போதும். யார், எந்த இடம், என்ன நேரம், நடந்தா சைக்கிளிலா, ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். நகல் வாங்கினார்களா, முதல் தகவல் அறிக்கை போட்டார்களா என்று எழுதவேண்டும். வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வின்சென்ட் தே பவுல் சபையினர் துணைக்குப் போகலாம். அரசு தந்த சைக்கிளில் நம் பள்ளிக்கு வரும் பிளஸ் 1 பிள்ளைகளிடமே கேட்டால், எந்தத் திருப்பத்தில் விழுந்தார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

நவம்பர் மூன்றாம் ஞாயிறு சாலை விபத்தில் இறந்தோருக்கான உலக நினைவு நாள். ஆன்மாக்களுக்காக மன்றாடும் அந்த மாதத்தில், அன்றைய திருப்பலிக்கு முன் இந்த நோட்டைப் பங்குத்தந்தையிடம் கொடுத்துவிடலாம்.