பூங்காவா, ஆலையா?

பயனொழிந்த தொழிற்சாலை நிலத்தைப் பூங்காவாக்குதல் இன்று உலகெங்கும் போற்றப்படும் திட்டமாகும். அமெரிக்காவின் சியாற்றில் நகரிலே 1956 இல் மூடப்பட்ட எரிவாயு ஆலை 1975 இல் பூங்காவாயிற்று. அதனைச் சுட்டி, கல்குடாவை அடுத்த வாழைச்சேனைக் கடதாசி ஆலை வளவுக்கும் அவ்வழியே தக்கதென வாதிடுதல் எளிது. எளிதாயிருப்பதே ஐயத்துக்கு இடமாகும்.

சியாற்றிலில் ஆலை மூடப்பட்டமைக்குக் காரணம் யாது? குழாய்வழியே இயற்கை வாயு வந்தது. நிலக்கரியிலும் எண்ணெயிலுமிருந்து வாயு காய்ச்சும் தேவை ஒழிந்தது. வாழைச்சேனையில் ஒழிந்த தேவை எது? 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன! வைக்கோலை மூலப்பொருளாய்க் கொண்டு 1950களில் எழுந்த ஆலை அது. மட்டக்களப்பு வயல்களில் வைக்கோலுக்கு இன்றும் பஞ்சமில்லை. 1977 இன் திறந்த பொருளாதாரமும், போரும், தேய்ந்த இயந்திரங்களுமே ஆலையைத் தள்ளாடச் செய்தன. நோயாளி தள்ளாடுகிறான் என்பதற்காக அவன் கட்டிலைச் சுற்றிப் பூச்செடி நடுவதோ?

பூங்கா நல்லதே, சிறுவர்க்கு விளையாட்டிடமும் முதியோர்க்கு நிழலும் வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. எனினும் நிழலில் அமர்வோனுக்கு மாலையில் அடுப்பெரிய வேண்டும். பூங்கா எத்தனை பேருக்கு வேலை தரும்? காவலாளி ஒருவர், தோட்டக்காரர் சிலர்.

நிலமே கேள்வியெனின், பூங்காவுக்குரிய இடம் அருகிலேயே இருந்தது. 2009 இல் போர் முடிந்தபின் பாசிக்குடாக் கரை விடுதிகளுக்குப் பங்கிடப்பட்டபோது, பொதுப்பூங்கா பற்றிய இந்த ஆர்வம் எங்கே உறங்கிற்று?