காக்காவும் தாத்தாவும்

நம் நண்பர் ஒருவரின் நான்கரை வயது மகனுக்குத் தாத்தாவும் தாத்தாதான், காக்காவும் தாத்தாதான். மூன்று வயதில் வீடே கூடி ரசித்த மழலை அது. பள்ளியில் சேர்த்த பின் கவலையாயிற்று. ககரம் மட்டுமென்றால் பொறுத்திருக்கலாம்; இரண்டு சொற்களுக்கு மேல் கோத்துப் பேசவும் அவனுக்கு வரவில்லை. ஆலோசனை கேட்டுச் சென்ற இடத்தில் கிடைத்த முதல் அறிவுரை, வீட்டில் இரண்டு மொழி வேண்டாம், தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்பது. அவனோடு பகல் முழுதும் இருப்பவர் பாட்டி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆறு மாத காலம் அந்தப் பாட்டி, பேரனிடம் வாய் திறக்கவே அஞ்சியிருந்தார்.

இவ்வறிவுரையை நாம் ஏற்கவில்லை. மொழித்திறன் குறைபாடுள்ள குழந்தையை இரண்டு மொழிகள் மேலும் குழப்பிவிடும் என்னும் நம்பிக்கைக்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. ஜோஹான் பாரடிஸும் உடன் ஆய்வாளர்களும் கனடாவில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசி வளர்ந்த இத்தகைய குழந்தைகளை, ஒரு மொழி மட்டும் அறிந்த இத்தகைய குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வு பரவலாக அறியப்பட்டது. இருமொழிக் குழந்தைகள் கூடுதலாகப் பிழை செய்யவில்லை என்பதே அதன் முடிவு. ஒரு மொழியைப் பிடுங்குவதால் குறைபாடு நீங்குவதில்லை. பேசுவதற்கு இருந்த ஆட்கள்தாம் குறைகிறார்கள்.

ஸ்பீச் தெரபி என்று நாம் சொல்லிப் பழகிய பேச்சுமொழிப் பயிற்சி உண்மையில் என்ன செய்கிறது? பின்னர் அச்சிறுவனுக்கு வாய்த்த பயிற்சியாளர் இரண்டு படங்களை மேசைமீது வைத்தார்: ஒன்று காக்கா, மற்றொன்று தாத்தா. சிறுவன் காக்காவைக் கேட்க எண்ணித் ‘தாத்தா’ என்றான். அவர் திருத்தவில்லை, தாத்தாவின் படத்தை எடுத்துக் கொடுத்தார். சிறுவன் விழித்தான், மறுபடி கேட்டான், மறுபடி தாத்தாவே வந்தார். நாம் நினைத்த பொருள் எதிராளியைச் சென்றடையவில்லை என்று ஒரு குழந்தை உணரும் கணம் அது. நாக்கை எங்கே வைப்பது என்னும் பாடம் அதற்குப் பிறகுதான். முதல்நா அண்ணத்தைத் தொடக் ககரம் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்ததைத்தான் பயிற்சியாளர் கண்ணாடி முன் அமர்ந்து விளையாட்டாகக் காட்டுகிறார். ஆனால், ‘ழ’ வராதவனைக் கேலி செய்யவே நம்மில் பலர் அவ்விலக்கணத்தை நினைவுகூர்கிறோம்.

வீட்டாருக்கும் பாடம் உண்டு. குழந்தை ‘பால்’ என்றால், ‘முழுசாச் சொல்லு’ என்று அதட்டாமல், ‘பால் வேணுமா? சூடா வேணுமா?’ என்று சொல்லை நீட்டித் தருவது; கேட்டபின் பதிலுக்குக் காத்திருப்பது. காத்திருப்பதுதான் பெரியவர்களுக்கு வருவதில்லை.

பேச்சில் பின்தங்கிய குழந்தைகளில் பலர் வாசிப்பிலும் இடறுகிறார்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் பொருத்தமுள்ள மொழி என்று நாம் பெருமை பேசும் தமிழிலும் இடறுவதற்குப் போதிய இடமுண்டு. ‘கெ’ என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் இருபுறமும் நிற்கிறது. 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் ‘னா’, ‘லை’ போன்ற வடிவங்களைச் சீராக்கியது. கு, சு, டு, து ஆகியவை தத்தம் போக்கிலேயே இன்றும் இருக்கின்றன. ‘ம’வுக்கும் ‘மு’வுக்கும் பொதுவாக ஒரு மெய் இருப்பதைச் செவியால் பிரித்தறிய முடியாத குழந்தைக்கு 247 எழுத்துகளும் 247 படங்களே. ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைப் பொறுக்குவது, சொல்லைக் கைதட்டிப் பிரிப்பது ஆகியவை அங்கு மருந்தாகின்றன. மோனையும் அசையும் தவிர இவை வேறென்ன?

இன்னொரு சுவரும் உண்டு. வீட்டில் ‘வந்துட்டான்’, புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’. மற்ற குழந்தைகள் இதைத் தாண்டிவிடுகிறார்கள். இக்குழந்தைகளுக்கோ முதற்பக்கமே அயல்மொழி. கற்றல் குறைபாட்டையும் பேச்சுமொழிக் குறைபாட்டையும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. சட்டத்தால் சான்றிதழ் தர முடியும். பாட்டியின் பேச்சில் ஒரு படக்கதையை எழுதித் தர அதனால் இயலாது. அது எழுதுகிறவர்களின் வேலை. பக்கத்துக்கு ஒரு வரி, அவ்வரியில் ஒரு வீட்டுச் சொற்றொடர், அதே தொடர் அடுத்த பக்கத்தில் ஒரு சொல் மட்டும் மாறி வருவது என்று இருபது பக்கங்கள் போதும். நம் குழுவில் இருவர் முயன்று கொண்டிருக்கிறார்கள். கவிதையைவிடக் கடினமாக இருக்கிறதாம். அது வெளிவந்தால், கொச்சைத் தமிழைக் குழந்தைகளுக்குப் புகட்டுவதா என்று முதல் கடிதம் நம் வாசகரிடமிருந்தே வரும் என்பதையும் எதிர்பார்த்திருக்கிறோம்.