பழைய கமராவுக்குப் புதிய மூளையா?



"அக்கா, ஒரு பழைய கெனன் 550டி மலிவாக வருகுது. அதற்குள் வேறொரு மென்பொருளை ஏற்றினால் வீடியோ இன்னும் நல்லா வருமாம். செய்யலாமா? சபையின்ர கமராவுக்கும் செய்து விடலாமா?" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பதிலும் இரண்டு.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். ஒவ்வொரு டிஜிட்டல் கமராவுக்குள்ளும் ஒரு சிறிய கணினி இருக்கிறது. அதை இயக்குவதற்காகத் தயாரிப்பாளர் எழுதி வைத்த நிரல்தான் ஃபேர்ம்வெயர். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும், எதை நாம் மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதெல்லாம் அதன் கையில். கருவியால் முடிந்த எல்லாவற்றையும் தயாரிப்பாளர் நமக்குத் திறந்து விடுவதில்லை.

2008இல் கெனன் 5டி மார்க் 2 வந்தது. புகைப்படக் கமராவிலேயே முழு எச்.டி. வீடியோ எடுக்கலாம் என்று சினிமா ஆட்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் நொடிக்கு 30 படங்கள் மட்டுமே. சினிமாவுக்கு வழக்கமான 24 இல்லை. அதைவிடப் பெரிய தலையிடி ஒலி. ஒலியளவைக் கமரா தானே கூட்டிக் குறைக்கும், நாம் தலையிட முடியாது. பேசுகிறவர் மூச்செடுக்க ஒரு கணம் நின்றால், சத்தம் போதவில்லை என்று நினைத்து அது ஒலியை உயர்த்தும். உடனே மின்விசிறியின் இரைச்சல் மேலே வரும். பாடகர் குழு எழுந்து பாடத் தொடங்கினால் சட்டென்று அமுக்கிவிடும். ஆராதனையைப் பதிவு செய்து பார்த்தவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும்.

2009இல் ட்ரமெல் ஹட்சன் என்ற நிரலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் எழுதிய மேஜிக் லான்டர்ன் என்ற நிரல் ஒலியின் தானியங்கிக் கட்டுப்பாட்டை நிறுத்தியது, ஒலி அளவைத் திரையில் காட்டியது, வெளிச்சம் மிஞ்சிய இடங்களைக் கோடு போட்டுக் காட்டியது. யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடியதாக அதை இலவசமாக வெளியிட்டார். பின்னர் பலர் சேர்ந்து 550டி உட்பட வேறு கெனன் கமராக்களுக்கும் அதைக் கொண்டு வந்தார்கள். 2010 மார்ச்சில் கெனனே 5டி மார்க் 2க்கு 24 படங்களையும், கையால் ஒலியளவை மாற்றும் வசதியையும் கொடுத்தது. அந்த அதிகாரபூர்வ மாற்றத்தின் முதல் பதிப்பிலும் ஒலிப்பதிவில் கோளாறு கண்டு, அதை மீளப்பெற்றுத் திருத்தித்தான் வெளியிட்டார்கள். செய்தவர்களே மாற்றினாலும் பிழை வரலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, "வீடியோ நல்லா வரும்" என்பதன் அளவைப் பார்ப்போம். 2013இல் மேஜிக் லான்டர்ன் குழுவினர் 5டி மார்க் 3இல் சுருக்கப்படாத 14 பிட் வீடியோவைப் பதிவு செய்து காட்டினார்கள். படம் அபாரம்தான். ஆனால் கணக்குப் போடுங்கள்: முழு எச்.டி.யில் நொடிக்கு 24 படங்கள் என்றால், நொடிக்கு ஏறக்குறைய 87 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு 5 ஜிகாபைட்டுக்கு மேல். அரை மணி நேரச் செய்திக்கு 150 ஜிகாபைட்டும் போதாது. 550டியோ அந்த வேகத்தில் மெமரி கார்டில் எழுதவே மாட்டாது. ஆகவே 550டி வாங்குகிறவருக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் ஒலிக் கட்டுப்பாடும், ஒளியையும் ஃபோகஸையும் சரிபார்க்கும் உதவிகளும்தான். அதுவே சிறிய லாபமல்ல.

இன்னொன்று: 550டி ஏறக்குறைய 12 நிமிடங்களில் பதிவை நிறுத்திவிடும். ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதே காரணம். மேஜிக் லான்டர்னால் உடனே அடுத்த பதிவைத் தானாகத் தொடங்க முடியும். ஆனாலும் நடுவில் ஒரு சிறு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் ஒரு வசனம் போய்விடலாம்.

ஆபத்து எவ்வளவு? எல்லா மாற்றங்களும் ஒரே வகையல்ல. மேஜிக் லான்டர்ன் கெனனின் நிரலை அழிப்பதில்லை. கார்டில் இருந்து கூடவே இயங்கும். கமராவுக்குள் மாறுவது, கார்டைப் பார்த்து இயங்கச் சொல்லும் ஒரு சிறு குறியீடு மட்டுமே. சாதாரணக் கார்டைப் போட்டால் கமரா பழையபடி வேலை செய்யும். பனசொனிக் ஜிஎச்2க்குச் செய்த மாற்றம் வேறு. அங்கே தயாரிப்பாளரின் கோப்பையே திருத்தி, கமராவுக்குள் எழுத வேண்டும். 2013இல் வெளியான 'அப்ஸ்ட்ரீம் கலர்' என்ற படம் அப்படி மாற்றிய ஜிஎச்2இல்தான் எடுக்கப்பட்டது. ஆனால் எழுதும்போது பாதியில் மின்சாரம் நின்றால் கமரா விழிக்காமலே போகலாம்.

தாதியரான நாங்கள் தினமும் கையாளும் மருந்து செலுத்தும் பம்புக்குள்ளும் இப்படி ஒரு நிரல் இருக்கிறது. அதில் வைத்திருக்கும் எல்லைகள் சில நேரம் எரிச்சலைத் தரும். ஆனாலும் வார்ட்டில் நிற்கும் நாங்கள் அவற்றைத் திறந்து மாற்றுவதில்லை. பொறுப்பானவர்கள் மாற்றி, சோதித்து, எழுதி வைத்த பிறகே பம்ப் நோயாளியிடம் போகும். எங்களுக்கு அறிவு குறைவு என்பதல்ல காரணம். பிழைத்தால் விழப்போவது எங்கள் மேல் அல்ல, படுக்கையில் இருப்பவர் மேல்.

அந்த அளவுகோலை வைத்தே இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறோம்.

உங்கள் சொந்தக் கமராவா? செய்யுங்கள், தாராளமாகப் படியுங்கள். அதற்கு முன் கெனன் நிரலின் பதிப்பு எண் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பற்றரி நிறைந்திருக்கட்டும். இதற்கென்று தனிக் கார்ட் ஒன்றை வையுங்கள். கார்டில் உள்ள கோப்பு அழிந்து கமரா இயங்காமல் நின்றால் பதற வேண்டாம். பற்றரியையும் கார்டையும் கழற்றி, வேறு கார்டுடன் தொடங்குங்கள். உத்தரவாதம் இல்லை, பொறுப்பு உங்களுடையது என்று அதை எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

சபையின் கமராவா? அது எல்லோருடைய காசிலும் வாங்கியது. அதன் பதிவுக்காக வீட்டில் படுக்கையில் காத்திருக்கும் அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் இருக்கிறார்கள். நிர்வாகத்திடம் கேளாமல் தொட வேண்டாம். கேட்டு அனுமதி கிடைத்தாலும், கிறிஸ்மஸ் நிகழ்ச்சிக்கு முந்திய வாரம் வேண்டவே வேண்டாம். அதுவரை ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியைப் பேசுகிறவருக்குப் பக்கத்தில் வையுங்கள். பதிவு தொடங்கியதும் கமராவுக்கு முன்னால் ஒருமுறை கை தட்டுங்கள். பிறகு கணினியில் அந்தத் தட்டலை வைத்து ஒலியையும் படத்தையும் பொருத்தலாம். கமராவுக்குள் எதையும் மாற்றாமலே அம்மம்மாவுக்குக் குரல் தெளிவாகக் கேட்கும்.