கொரட்டூருக்கு ஏற்ற கொத்துப்பூ

உதகைக்குச் சென்று திரும்புவோருடன் ஹைட்ராஞ்சியாத் தொட்டியும் வந்து சேர்வதுண்டு. பந்து போன்ற நீலக் கொத்து யாரைத்தான் மயக்காது? ஆனால் அது குளிரை நாடும் செடி; கொரட்டூரின் சித்திரை வெயிலில் துவண்டுவிடும். நிறமும் நிலையன்று. புளிப்பு மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகப் பூப்பது, சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகிவிடும்.

கொத்துப்பூதான் வேண்டுமென்றால் இட்லிப்பூ இருக்கிறதே! சிவப்பு, மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு என நிறத்துக்குக் குறைவில்லை. பெரிய கொத்துக்கு உயர்ந்து வளரும் வகை. தொட்டிக்குச் சிற்றிலை வகை. அதற்கும் சுண்ணாம்பு ஆகாது. சுவரை ஒட்டி நட்டால் இலை மஞ்சளிக்கும். தள்ளி நட்டு, மட்கிய எரு இட வேண்டும். ஓய்ந்த கொத்தை நறுக்கிவிட்டால் புதுத்துளிரில் மறுபடி பூக்கும்.

காசு கொடுத்து வாங்கி வாடவிடுவதைவிட, ஊர் வெயிலைத் தாங்கும் செடியை வளர்ப்பதே விவேகம்.